அஜைல் குழுக்களில் மென்பொருள் சோதனையாளர் எதிர்கொள்ளும் நிறுவனசார் இடர்கள்: ‘நிறுத்தும் உரிமை’ நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் ஆக்கத்தில் இன்று பெருவழக்காக உள்ள அஜைல் முறை, தனித் துறையாக இருந்த சோதனையாளரை ஆக்கக் குழுவிற்குள்ளேயே அமர்த்தியது. இதனால் நிரலாளருக்கும் சோதனையாளருக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது. ஆனால் சோதனையாளருக்கு முன்பிருந்த பணிப்பெயர், மேலாண்மைத் துணை, வெளியீட்டை மறுக்கும் அதிகாரம் ஆகியன பல நிறுவனங்களில் தேய்ந்தன. இந்த நிறுவனசார் இடர்களை இக்கட்டுரை வகைப்படுத்தி விளக்குகிறது. தாராசுரத்துத் தறியையும், அஜைல் முறைக்கு ஊற்றுக்கண்களுள் ஒன்றாகிய ஜப்பானியத் தானியங்கித் தறியையும் ஒப்புநோக்கி, குறை கண்டவிடத்து வேலையை நிறுத்தும் உரிமையே சோதனையாளருக்கு உரிய முதன்மைப் பாதுகாப்பு எனும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மென்பொருள் சோதனை, அஜைல், ஸ்க்ரம், ஸ்பிரிண்ட், நிறுவனசார் இடர், நிறுத்தும் உரிமை, தறி.

முன்னுரை

காவிரிப் படுகையின் கும்பகோணம், தாராசுரம், திருபுவனம் வட்டாரங்களிலிருந்து பொறியியலும் கணினிப் பயன்பாட்டியலும் கற்று வெளிவரும் இளைஞர் பலருக்கு, மென்பொருள் துறையின் நுழைவாயிலாக அமைவது சோதனையாளர் பணியாகும். 1994-இல் காக்னிசன்ட் நிறுவனம் சென்னையில் தொடங்கப்பெற்றதும், 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றதும் இத்துறையின் வளர்ச்சிக்கு அடையாளங்கள். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், இப்பணி படுகை மாவட்டத்திற்குள்ளேயே கிடைக்கும் வாய்ப்பும் தோன்றியுள்ளது. எனவே இப்பணியின் நிறுவனசார் தன்மையை அறிந்துகொள்வது இவ்வட்டார இளைஞர்க்கு நேரடியான தேவையாகிறது.

சோதனையின் தொழில்நுட்பம் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. சோதனையாளர் எந்த அதிகாரத்தோடு அமர்த்தப்படுகிறார், அவரை மதிப்பிடுபவர் யார், அவர் கண்டறிந்த வழு புறக்கணிக்கப்பட்டால் பொறுப்பு எவருடையது என்னும் வினாக்கள் மிகுதியும் பேசப்படவில்லை. இவ்வினாக்களே இக்கட்டுரையின் களம். நிறுவனசார் இடர் என்பது இங்கு, ஒருவரின் திறமைக் குறைவால் அன்றி, பணி அமைக்கப்பட்டுள்ள முறையால் அவருக்கும் அவர்தம் வேலைக்கும் நேரக்கூடிய கேட்டைக் குறிக்கிறது.

தறியிலிருந்து மென்பொருளுக்கு

ஐராவதேசுவரர் கோயிலால் உலகறிந்த தாராசுரம், பட்டு நெசவாலும் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள கைத்தறியில் பாவின் இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் உடனே கையை நிறுத்துகிறார். அறுந்த இழையை முடிந்த பின்னரே மறுபடி நாடாவை ஓட்டுகிறார். நிறுத்தாமல் நெய்தால் அவ்விழையின் இடம் சேலையின் நீளத்திற்கும் ஒரு கோடாக விழும். அதை நெய்து முடித்தபின் சரிசெய்தல் அரிது. நெய்த சேலை கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றதும் அங்கு அளவும் எடையும் குறையும் மறுபடி பார்க்கப்படுகின்றன. ஆக, இங்குத் தரக்காப்பு இரண்டு நிலைகளில் இயங்குகிறது: ஒன்று, நெய்பவரே நிறுத்தித் திருத்துவது, மற்றொன்று, நெய்தவர் அல்லாத ஒருவர் பார்ப்பது.

இந்த முதல் நிலையை எந்திரத்திற்குக் கற்பித்தவர் ஜப்பானின் சகிச்சி டொயோடா. அவர் 1924-இல் நிறைவுசெய்த ஜி வகைத் தானியங்கித் தறி, இழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும். டொயோடா நெசவாலையில் பணிதொடங்கிப் பின்னர் மகிழுந்து ஆலைக்கு மாறிய தாயிச்சி ஓனோ, இக்கொள்கையை மகிழுந்து உற்பத்திக்குக் கொண்டுசென்றார். அங்குக் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கோரலாம். குறை உடனே தீராவிடில் உற்பத்தி வரிசை நிற்கும். இதனை ‘ஜிடோக்கா’ என்பர்.

மென்பொருள் உலகம் இம்மரபுக்குக் கடன்பட்டது. ஜப்பானிய நிறுவனங்களின் குழுப்பணியை ஆராய்ந்து தாகேயுச்சியும் நோனாகாவும் 1986-இல் எழுதிய கட்டுரையிலிருந்தே ‘ஸ்க்ரம்’ என்னும் உவமை மென்பொருளுக்கு வந்தது. கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-இல் ஸ்க்ரம் முறையை முறைப்படி முன்வைத்தனர். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர் அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். டொயோட்டா நெறிகளை மென்பொருளுக்குப் பொருத்திக் காட்டும் பாப்பென்டிக் இணையரின் நூல் 2003-இல் வெளிவந்தது.

இக்கொள்வினையில் ஒரு குறை நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. டொயோட்டா முறையின் இரு கால்களுள் தடையற்ற ஓட்டம் ஒன்று. குறை கண்டவிடத்து நிறுத்துதல் மற்றொன்று. நடைமுறையில் மென்பொருள் நிறுவனங்கள் பலவும் முதலாவதை விரைந்து ஏற்றன. இரண்டாவதைச் சோதனையாளர் கையில் ஒப்படைக்கத் தயங்கின.

அஜைல் முறையில் சோதனையாளரின் இடம்

அஜைலுக்கு முந்தைய அருவி முறையில், தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்னும் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். நிரலை எழுதியவரே அதைச் சோதிப்பது தவிர்க்கப்படவேண்டும் என 1979-இல் கிளென்ஃபோர்டு மையர்ஸ் தம் நூலில் வலியுறுத்தினார். எழுதியவரின் மனம் தன் படைப்பு சரியென நிறுவவே விழையும். சோதனையின் நோக்கமோ தவற்றைக் கண்டறிதல் என்பது அவர் வாதம். இதற்கேற்பப் பல நிறுவனங்கள் தனிச் சோதனைத் துறைகளை அமைத்தன. அத்துறைத் தலைவரின் ஒப்புதலின்றி மென்பொருள் வெளியேறாது.

இவ்வமைப்பிற்கும் குறைகள் இருந்தன. சோதனை இறுதியில் நிகழ்ந்ததால் வழுக்கள் காலங்கடந்தே தெரியவந்தன. ‘தரத்தைப் பார்த்துக்கொள்ளச் சோதனைத் துறை இருக்கிறது’ என நிரலாளர் மெத்தனமாயினர். இறுதிச் சோதனையை நம்பியிராமல் ஆக்கத்திலேயே தரத்தை ஏற்றவேண்டும் என்னும் டெமிங்கின் கருத்து இங்குப் பொருந்துவதே. டெமிங் விருதை இந்தியாவில் முதன்முதலாக 1998-இல் பெற்ற சுந்தரம் கிளேட்டன் சென்னைப் பாடியில் இயங்கியது என்பதால், இக்கருத்து தமிழகத் தொழிலுலகிற்குப் புதிதன்று.

ஆகவே சோதனையாளரைக் குழுவிற்குள் கொணர்ந்தது பிழையன்று. ஆனால் உள்ளே வந்தவருக்கு விதிகளில் எத்தகைய இடம் அளிக்கப்பட்டது என்பதை நோக்கவேண்டும். அஜைல் அறிக்கையின் நான்கு விழுமியங்களிலும் பன்னிரண்டு நெறிகளிலும் சோதனை என்னும் சொல் இல்லை. ‘இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல்’ என்கிறது ஒரு நெறி. அது இயங்குகிறது எனச் சான்றளிப்பவர் யார் எனக் கூறவில்லை. 2020-இல் திருத்தப்பட்ட ஸ்க்ரம் வழிகாட்டி, புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர் என்னும் மூன்று பொறுப்புகளை மட்டுமே ஏற்கிறது. குழுவிற்குள் துணைக்குழுவோ படிநிலையோ இல்லை. ஒரு ஸ்பிரிண்டை இடையில் நீக்கும் அதிகாரம் புராடக்ட் ஓனருக்கு மட்டுமே உண்டு. சோதனையாளர் இவ்வமைப்பில் டெவலப்பர்களுள் ஒருவர், எழுத்தளவில் சமமானவர், ஆனால் அவர் செயலுக்கெனத் தனி அதிகாரம் எதுவும் குறிக்கப்படவில்லை.

நிறுவனசார் இடர்கள்

1. பணிப்பெயர் தேய்தல்

எல்லோரும் டெவலப்பரே என்னும் கொள்கை, சோதனை எல்லோர் பொறுப்பு என்னும் நற்பொருளைத் தருகிறது. அதுவே ‘சோதனைக்கெனத் தனியாள் எதற்கு?’ என்னும் வினாவிற்கும் இடமளிக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014-இல் பல பிரிவுகளில் சோதனைப் பொறியாளர் பணியை நிரலாளர் பணியோடு இணைத்தது. யாகூ நிறுவனம் தன் தனித் தரச்சோதனைக் குழுவைக் கைவிட்ட செய்தி 2015-இல் வெளிவந்தது; அம்மாற்றத்தால் நிரலாளரின் கவனம் கூடி, வழுக்கள் குறைந்தன என அந்நிறுவனத்தார் கூறினர். அக்கூற்றை ஏற்றுக்கொண்டாலும், தானியக்கச் சோதனைக்கும் உடனடியாகப் பழைய பதிப்பிற்குத் திரும்பும் வசதிக்கும் பெருமுதலீடு செய்யவல்ல நிறுவனங்களின் பட்டறிவு அது. அம்முதலீடு இன்றி ஆட்குறைப்பை மட்டும் பின்பற்றும் நிறுவனத்தில், சோதனையாளர் வேலையை இழக்கிறார், சோதனையும் இல்லாமற்போகிறது.

2. காலம் சுருங்குதல்

இரண்டு வார ஸ்பிரிண்டில் பத்து வேலைநாள்கள் உள்ளன. நிரலாளர் எட்டாம் நாள் நிரலை ஒப்படைத்தால் சோதனைக்கு எஞ்சுவன இரண்டே நாள்கள். பெயரளவில் அஜைலாக இருப்பினும், உள்ளே ஒரு சிறிய அருவி முறையே நிகழ்கிறது. தாமதம் முழுதும் கடைசியில் நிற்பவர் தலையில் விழுகிறது.

இதனோடு பின்னடைவுச் சோதனையின் சுமையும் சேர்கிறது. புதிய மாற்றத்தால் பழைய செயல்பாடு எதுவும் கெடவில்லை என உறுதிசெய்வது பின்னடைவுச் சோதனை. ஒரு கணக்கால் இதை விளக்கலாம். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் 15 சோதனைகள் புதிதாகச் சேர்வதாகக் கொள்வோம். 20 ஸ்பிரிண்டுகளின் முடிவில் அவை 300 ஆகும். ஒவ்வொன்றையும் கையால் செய்ய 6 நிமிடம் எனில் மொத்தம் 30 மணி நேரம். அதாவது ஏறத்தாழ நான்கு வேலைநாள்கள். ஓராண்டிற்குள்ளாகவே, பழையதைப் பார்ப்பதற்கு மட்டும் ஸ்பிரிண்டின் ஐந்தில் இரு பங்கு வேண்டியிருக்கிறது. குழுவின் அளவும் கெடுவும் மாறாதிருக்க, இச்சுமை மட்டும் வளர்கிறது. தானியக்கத்திற்கு நேரம் ஒதுக்காத குழுவில், சோதனையாளர் எதை விடுவது என ஒவ்வொரு முறையும் தாமே முடிவுசெய்ய நேர்கிறது. அம்முடிவின் இடரும் அவரையே சார்கிறது.

3. தனிமையும் பங்கீடும்

முன்பு சோதனைத் துறையில் பலருடன் அமர்ந்து கற்றவர், இப்போது ஐந்தாறு நிரலாளருக்கு நடுவே ஒற்றைச் சோதனையாளராக அமர்கிறார். ஐயம் கேட்க மூத்தவர் இல்லை. விடுப்பெடுத்தால் மாற்றாள் இல்லை. சில நிறுவனங்களில் ஒருவரையே மூன்று குழுக்களுக்குப் பகிர்ந்தளிப்பதும் உண்டு. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு ஸ்க்ரம் வழிகாட்டி விதிக்கும் கூட்ட நேர உச்சவரம்பில் பாதியை இரண்டு வாரத்திற்குக் கொண்டால், திட்டமிடலுக்கு 4 மணி, மீளாய்வுக்கு 2 மணி, பின்னோக்குக் கூட்டத்திற்கு ஒன்றரை மணி, நாள்தோறும் 15 நிமிடக் கூட்டத்திற்கு இரண்டரை மணி என ஒரு குழுவிற்கு 10 மணி ஆகும். மூன்று குழுக்களுக்கு அது 30 மணி. 80 மணி நேர வேலையில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் கூட்டங்களிலேயே கழியக்கூடும்.

4. மதிப்பிடுபவரும் மதிப்பிடும் கோலும்

குழுவின் விரைவிற்குப் பொறுப்பான மேலாளரே சோதனையாளரின் ஆண்டு மதிப்பீட்டையும் எழுதுவாராயின், வழுவைச் சுட்டுவது மதிப்பெண்ணைப் பாதிக்கும் செயலாகிறது. அளவுகோல்களும் இதற்கு உதவுவதில்லை. கண்டறிந்த வழுக்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டால், அற்ப வழுக்கள் பெருகும். நிரலாளருடன் பூசல் மூளும். வழுக்கள் குறைவாக இருப்பதைப் பாராட்டினால் மௌனம் வளரும். தொடக்கத்திலேயே தேவையைக் கேள்விக்குட்படுத்தி வழு தோன்றாமலே தடுத்த சோதனையாளரின் பங்கு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

5. தொலைவும் ஒப்பந்தமும்

தமிழகத்திற்குரிய இடர் இது. புராடக்ட் ஓனர் நியூயார்க்கிலும் சோதனையாளர் சென்னையிலும் இருந்தால் நேர இடைவெளி கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. சென்னையில் காலை பத்து மணிக்கு எழும் ஐயத்திற்கு அங்கு அலுவலகம் திறந்தபின், அதாவது கோடையிலும் மாலை ஆறரைக்குப் பின்னரே விடை கிட்டும். பத்து நாள் ஸ்பிரிண்டில் ஓர் ஐயம் ஒரு நாளை விழுங்குகிறது. மேலும், சோதனையாளர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியராகவும் முடிவெடுப்பவர் வாடிக்கையாளராகவும் இருக்கும்போது, ‘இது வெளியிடத் தக்கதன்று’ எனக் கூறுவது தரம் பற்றிய கூற்றாக நில்லாமல் வணிக உறவைத் தொடும் கூற்றாக மாறுகிறது. அதனை அவர் தம் மேலாளர் வழியாகவே சொல்ல இயலும். சொல் அங்கேயே மென்மையாக்கப்படுகிறது.

6. பொறுப்பும் பழியும் பிரிதல்

மேற்கண்ட ஐந்தின் விளைவே ஆறாவது இடர். ஆய்வாளர் முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்கு முன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் இரண்டாண்டுகள் சோதனையாளராகப் பணியாற்றினார். ஒரு ஸ்பிரிண்டின் ஒன்பதாம் நாள் மாலை, பணம் செலுத்தும் பொத்தானை இருமுறை அழுத்தினால் தொகை இருமுறை கழிவதை அவர் கண்டறிந்தார். அன்றைய கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னார்; அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம் என முடிவாயிற்று. அடுத்த ஸ்பிரிண்டில் அவசர வேலை வேறொன்று முந்திக்கொண்டது. சில வாரங்களில் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தபோது, கூட்டத்தில் எழுந்த முதல் வினா ‘சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை?’ என்பதே. பிடிபட்டது, ஆனால் எழுத்தில் இல்லை. தள்ளிவைத்தது குழுவின் முடிவு, பழியோ ஒருவருடையது. எழுதி வைக்காத தவறு ஆய்வாளருடையது என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும், எழுத்தில் கேட்கும் வழக்கமே இல்லாத அமைப்பில் அத்தவறு யாருக்கும் நேரக்கூடியதாகும்.

எழுத்தில் பதிந்த இடர்: ஒரு பொதுநிகழ்வு

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1-இல் திறக்கப்பட்டது. முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை நிறைவுசெய்தோர் ஆறு பேர் மட்டுமே எனப் பின்னர் வெளியான அரசுக் குறிப்புகளால் தெரியவந்தது. தொடக்கம் முதல் முடிவு வரையிலான முழுச் சோதனை, திறப்பிற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் நடைபெற்றது என ஒப்பந்த நிறுவனங்கள் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியமளித்தன. பாதுகாப்புச் சோதனை முழுமையுறாததால் இடர் உள்ளது எனக் குறிக்கும் குறிப்பாணை ஒன்று செப்டம்பர் 27-இல் எழுதப்பட்டு, பொறுப்பான அரசு முகமையின் தலைவர் அதில் கையொப்பமிட்டிருந்தார்.

இந்நிகழ்வு அஜைலின் தோல்வி என இங்குக் கூறப்படவில்லை. இதிலிருந்து அறிவன இரண்டு. சோதனைக்குரிய காலம் இறுதியில் சுருங்குவது உலகின் மிகப் பெரிய திட்டங்களிலும் நேர்கிறது என்பது ஒன்று. இடர் எழுத்தில் பதிந்து, அதை ஏற்றவர் கையொப்பமிடும்போது, முடிவின் பொறுப்பு முடிவெடுத்தவரிடமே நிற்கிறது என்பது மற்றொன்று. அக்குறிப்பாணை தளத்தைக் காக்கவில்லை. ஆனால் சோதிக்க நேரம் கிட்டாதவர்மீது பழி முழுதும் சாராமல் காத்தது.

இடர் தணிக்கும் வழிகள்

முதலாவது, நிறுத்தும் உரிமையை விதியில் எழுதுதல். ஸ்க்ரம் முறையில் ‘நிறைவு வரையறை’ என ஒன்று உண்டு. அதனை நிறைவுசெய்யாத எதுவும் வெளியீட்டில் சேராது. பின்னடைவுச் சோதனை முடிந்தமை, பணம் அல்லது தனிநபர் தரவு தொடர்பான வழு ஏதும் எஞ்சாமை ஆகியவற்றை அவ்வரையறையில் சேர்த்துவிட்டால், சோதனையாளர் தம் பெயரால் மறுக்கவேண்டியதில்லை; குழுவே ஏற்ற விதி மறுக்கிறது. ஸ்க்ரம் விதிகளுக்குள் நின்றே செய்யக்கூடிய மாற்றம் இது.

இரண்டாவது, விலக்கு அளிப்பவர் கையொப்பமிடுதல். வழுவோடு வெளியிடவேண்டிய வணிகத் தேவை எழலாம். அப்போது வழுவின் விளைவையும் ஏற்றவரின் பெயரையும் ஓரிரு வரியில் பதிதல் போதுமானது.

மூன்றாவது, இரட்டைக் கோடு. அன்றாட வேலையில் சோதனையாளர் குழுவைச் சார்ந்திருக்கட்டும். மதிப்பீட்டிலும் பயிற்சியிலும் பல குழுக்களின் சோதனையாளர் ஒன்றுகூடும் அமைப்பைச் சாரட்டும். சோதனையாளருக்கான பன்னாட்டுச் சான்றிதழ் அமைப்பாகிய ஐ.எஸ்.டி.கியூ.பி. தன் அடிப்படைப் பாடத்திட்டத்தில், சோதனையின் சார்பின்மைக்குப் பல படிகள் உண்டு எனவும், ஒவ்வொன்றிலும் நன்மையும் தீமையும் உண்டு எனவும் விளக்குகிறது. முற்றிலும் வெளியே நிற்பதும் முற்றிலும் கரைந்துபோவதும் அல்லாத இடைநிலைகள் உள்ளன என்பதே அதன் பொருள். தாராசுரத்து நெசவாளர் தறியில் நிறுத்துவதும், சங்கத்தில் மறுபடி பார்ப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல, அதுபோலவே இங்கும்.

நான்காவது, தானியக்கத்தைக் குழுவின் வேலையாக்குதல். பின்னடைவுச் சோதனைகளை எந்திரத்திடம் ஒப்படைக்கும் நிரலை எழுதுவதில் நிரலாளரும் பங்கேற்கவேண்டும். அதற்கான நேரம் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் வெளிப்படையாகக் கணக்கிடப்படவேண்டும்.

ஐந்தாவது, சோதனையாளர் தாமே கைக்கொள்ள வேண்டியன. கண்ட வழுவை அன்றே எழுத்தில் பதிதல், நிரல் எழுதக் கற்றல், வங்கி, மருத்துவம் போன்ற களங்களுள் ஒன்றில் ஆழ்ந்த அறிவு பெறுதல் ஆகியன பணிப்பெயர் மாறினாலும் அவரைத் தாங்கும். தகவல் தொழில்நுட்ப ஊழியர்க்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் எனத் தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியதையும் அவர் அறிந்திருத்தல் நலம்.

முடிவுரை

அஜைல் குழுக்களில் சோதனையாளர் எதிர்கொள்ளும் இடர்கள் ஆறு எனக் காணப்பட்டன: பணிப்பெயர் தேய்தல், காலம் சுருங்குதல், தனிமை, பொருந்தா அளவுகோல், தொலைவும் ஒப்பந்தமும், பொறுப்பும் பழியும் பிரிதல். இவற்றின் பொதுவேர், தரத்திற்கான பொறுப்பைச் சோதனையாளரிடம் தந்து, அதற்குரிய அதிகாரத்தைத் தராமையே ஆகும். சோதனையாளரைக் குழுவிலிருந்து வெளியேற்றிப் பழைய சுவரை மீண்டும் எழுப்புவது இதற்குத் தீர்வாகாது. குழுவிற்குள்ளேயே அவருக்கு நிறுத்தும் உரிமையும், குழுவிற்கு வெளியே அவருக்கென ஒரு துணையும் வேண்டும்.

இழை அறுந்ததைக் கண்ட கை, யாரிடமும் ஒப்புதல் கேளாமல் தறியை நிறுத்துகிறது. அவ்வுரிமை கைத்தறியில் இயல்பாகவே இருந்தது. டொயோடாவின் தறியில் எந்திரத்திற்கு அளிக்கப்பட்டது. மகிழுந்து ஆலையில் தொழிலாளிக்கு விதியாக்கப்பட்டது. படுகை மண்ணிலிருந்து மென்பொருள் சோதனைக்குச் செல்லும் இளைஞர், வேலையில் சேரும்போது ஊதியத்தோடு கேட்டறிய வேண்டிய வினாவும் அதுவே: குறை கண்டால் நிறுத்தும் உரிமை எனக்கு உண்டா; இல்லையெனில், நிறுத்தவேண்டாம் என முடிவெடுப்பவர் அதை எழுத்தில் தருவாரா? இவ்வினாவிற்கு விடையளிக்கும் நிறுவனங்களையும் அளிக்காத நிறுவனங்களையும் களஆய்வின் வழி ஒப்பிடுவது அடுத்தகட்ட ஆய்விற்குரியது.